தைராய்டுக் கட்டிகள்: வகைகளும் பரவலும்

தைராய்டுப் புற்றுநோய் கண்டவர்கள் நால்வரை வரிசையாக நிறுத்தினால், அவர்களுள் மூவர் பெண்களாக இருப்பர். புற்றல்லாத சாதாரணக் கட்டிகளை எடுத்துக்கொண்டாலும் நிலை அதுவே. பெண்கள் பயிலும் பள்ளியின் ஆண்டு மலரில் இப்பொருளைப் பற்றி எழுதுவது பொருத்தம் என்று நாங்கள் எண்ணியதற்கு இதுவே காரணம். உயிரியல் பாடத்தில் நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிப் படித்தபோது எழுந்த ஐயங்களுக்கு விடை தேடினோம். கிடைத்தவற்றைத் தோழியருக்கும், அவர்தம் அன்னையருக்கும் பயன்படுமாறு இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கழுத்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடம். ஆயினும் அங்கே ஒரு வீக்கம் தோன்றினால் அதை மறைக்கவே நாம் முதலில் முனைகிறோம். தாவணியும் முந்தானையும் துப்பட்டாவும் அதற்கு உதவுகின்றன. "பெண்ணுக்குக் கழுத்தில் கட்டி என்று வெளியே தெரிந்தால் வரன் அமையுமா?" என்ற கவலை பெற்றோரை வாட்டுகிறது. மறுபுறம், சிறு கட்டி என்றவுடன் "புற்றுநோய்" என்று நடுங்கி, உறக்கமிழந்து, தேவையற்ற சோதனைகளுக்கெல்லாம் ஓடுவோரும் உளர். மறைப்பதும் தவறு, மிரள்வதும் தவறு. இவ்விரண்டுக்கும் மருந்து அறிவே. ஆகவே முறையாகத் தொடங்குவோம்.

கேடயச் சுரப்பி

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தவாறு அமைந்துள்ளது தைராய்டுச் சுரப்பி. சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்ற வடிவம் கொண்டது. வலம் ஒரு மடல், இடம் ஒரு மடல், இரண்டையும் இணைக்க நடுவே ஒரு குறுகிய பாலம். வளர்ந்த ஒருவரிடம் இதன் எடை ஏறக்குறைய 20 கிராம். இதற்குப் பெயரிட்டவர் ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டன், ஆண்டு 1656. கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. தமிழில் "கேடயச் சுரப்பி" என்று வழங்குவதும் அதனாலேயே.

நாம் எச்சிலை விழுங்கும்போது குரல்வளை மேலேறி இறங்குகிறதல்லவா? அதனோடு ஒட்டியுள்ள தைராய்டும் உடன் ஏறி இறங்கும். இச்சிறு செய்தி பின்னர் நமக்கு உதவும்.

இச்சுரப்பியினுள் இருவகை உயிரணுக்கள் உள்ளன. முதல் வகை, நுண்ணிய பைகளாக வட்டமிட்டு நிற்பவை. இவை இரத்தத்திலிருந்து அயோடினை ஈர்த்து, தைராக்ஸின் முதலிய ஹார்மோன்களை உண்டாக்குகின்றன. உடல் வெப்பம், இதயத் துடிப்பு, வளர்ச்சி, மூளையின் மலர்ச்சி ஆகிய அனைத்தும் இந்த ஹார்மோன்களை நம்பியிருக்கின்றன. இரண்டாம் வகை, அப்பைகளுக்கு இடையே ஆங்காங்கு சிதறிக் கிடப்பவை. கால்சிட்டோனின் என்னும் வேறொரு ஹார்மோனைச் சுரப்பவை. "சி" உயிரணுக்கள் என்பது அவற்றின் பெயர். இவ்விரு வகையையும் நினைவில் வைத்துக்கொள்வோம். கட்டிகளின் வகைகள் இவற்றிலிருந்துதான் பிரிகின்றன.

தைராய்டு தன் விருப்பம்போல் இயங்குவதில்லை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, "டி.எஸ்.ஹெச்." என்னும் தூண்டு ஹார்மோனை அனுப்பி அதை ஏவுகிறது. இரத்தத்தில் தைராக்ஸின் குறைந்தால் ஏவல் மிகும். நிறைந்தால் ஏவல் குறையும்.

கழலை வேறு, கட்டி வேறு

தைராய்டு முழுவதுமாகப் பருத்தால் அது கழலை. சுரப்பியின் ஒரு பகுதி மட்டும் தனியே திரண்டு உருண்டால் அது கட்டி. கழலைக்குள் பல கட்டிகள் இருப்பதும் உண்டு.

கழலைக்கு முதன்மையான காரணம் அயோடின் குறைவே. அயோடின் இல்லாமல் தைராக்ஸின் உண்டாகாது. தைராக்ஸின் குறைந்தால் பிட்யூட்டரியின் ஏவல் மிகும். ஓயாத ஏவலால் சுரப்பி பருத்துக்கொண்டே போகும். வளர்ச்சி விரைவாக நடைபெறும் பருவ வயதில் உடலின் தேவை கூடுவதால், பள்ளி மாணவியரிடம் இது எளிதில் தலைகாட்டும்.

இதை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியவர்கள் பள்ளி மாணவியரே என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஆக்ரன் நகரம் கடலுக்குத் தொலைவில் உள்ளது. மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. 1917-ஆம் ஆண்டு அங்குள்ள பள்ளி மாணவியருக்கு, டேவிட் மரைன் என்ற மருத்துவரும் அவர்தம் உடனுழைப்பாளர் கிம்பாலும் அயோடின் உப்பைக் குறிப்பிட்ட அளவில் கொடுக்கத் தொடங்கினர். உட்கொண்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவியருள் கழலை தோன்றியவர் 5 பேர் மட்டுமே. ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் இருந்த உட்கொள்ளாத மாணவியருள் 495 பேருக்குக் கழலை தோன்றியது. இதன்பின் 1924-இல் அமெரிக்காவில் அயோடின் கலந்த உப்பு விற்பனைக்கு வந்தது.

நம் நாட்டில் இமயமலையடிவாரம் கழலைக்குப் பெயர்போன பகுதியாக இருந்தது. 1956-இல் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. இராமலிங்கசுவாமி தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு கழலையைக் குறைக்கும் என்பதை நம் மண்ணிலேயே உறுதி செய்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1992-இல் அது அயோடின் குறைபாட்டு நோய்கள் அனைத்தையும் தழுவிய திட்டமாக விரிந்தது. இன்று நம் சமையலறையில் உள்ள உப்பு உறையில் "அயோடின் கலந்தது" என்று அச்சிட்டிருப்பதன் பின்னால் இவ்வளவு வரலாறு உள்ளது. அந்த உப்பை ஈரமும் வெயிலும் படாமல் மூடிவைப்பது நம் கடமை.

எத்தனை பேருக்குக் கட்டி உண்டு?

இக்கேள்விக்கு விடை, நாம் எதைக் கொண்டு தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

கையால் தடவிப் பார்த்தால் எத்தனை? அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் 30 முதல் 59 வயது வரையுள்ளோரைச் சோதித்து 1968-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களில் நூற்றுக்கு 6.4 பேரிடமும் ஆண்களில் நூற்றுக்கு 1.5 பேரிடமும் கட்டிகள் காணப்பட்டன. கழுத்தில் ஒலி அலை ஸ்கேன் செய்து பார்த்தால் எத்தனை? வெவ்வேறு ஆய்வுகளில் நூற்றுக்கு 19 முதல் 68 பேர் வரை. அதாவது, கைக்குத் தெரியாத சிறு கட்டிகள் நம்மிடையே மலிந்து கிடக்கின்றன. வயது ஏற ஏற அவை கூடுகின்றன. அவற்றைச் சுமந்துகொண்டே மக்கள் முதுமை எய்தி இயல்பாக வாழ்ந்து முடிக்கின்றனர்.

இக்கட்டிகளுள் புற்று எத்தனை? ஏறக்குறைய நூற்றுக்கு 5 முதல் 15 வரையே. எஞ்சியவை தீங்கற்றவை. கழுத்தில் கட்டி என்று கேட்டவுடன் அழத் தொடங்கும் அன்னையர் இந்த எண்ணை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் பள்ளி வயதினரைப் பொறுத்தவரை கணக்கு வேறு. சிறுவர் சிறுமியரிடம் தைராய்டுக் கட்டி தோன்றுவது அரிது. தோன்றினாலோ, அது புற்றாக இருக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிட மிகுதி. நூற்றுக்கு 22 முதல் 26 என்று கணக்கிட்டுள்ளனர். ஆகவே "சின்னப் பெண்தானே, தானாகக் கரைந்துவிடும்" என்று காத்திருப்பது கூடாது. அதே வேளையில் இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். இளம் வயதினருக்கு வரும் தைராய்டுப் புற்று, அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தாலும், மருத்துவத்துக்கு மிக நன்றாகக் கட்டுப்படுகிறது.

உலகளவில் 2022-ஆம் ஆண்டில் 8 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டுப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. பெண்களுக்கு வரும் புற்றுநோய்களின் வரிசையில் அது ஐந்தாம் இடத்தைப் பெற்றது. அவ்வாண்டில் இதனால் இறந்தோர் 47 ஆயிரம் அளவினர். இவ்விரு எண்களுக்கும் உள்ள இடைவெளியே இந்நோயின் இயல்பைக் கூறிவிடுகிறது. இந்தியாவில் இதன் பரவல் உலகச் சராசரியைவிடக் குறைவு. ஆயினும் நமக்கு அண்டை மாவட்டமாகிய திருவனந்தபுரத்தில் பெண்களிடையே இது நாட்டிலேயே மிகுந்த அளவில் பதிவாகியுள்ளது.

தீங்கற்ற கட்டிகள்

1. கூழ்மக் கட்டி: மிகப் பரவலாகக் காணப்படுவது இதுவே. நுண்பைகளில் இயல்பாக உள்ள கூழ் போன்ற பொருள் அளவுக்கு மீறிச் சேர்வதால் உண்டாவது. இது புற்றாக மாறுவதில்லை.

2. நீர்க்கட்டி: உள்ளே நீரோ பழைய இரத்தமோ நிறைந்த பை. சில வேளை உள்ளே இரத்தம் கசிந்து, ஒரே நாளில் வீங்கி வலிக்கும். திடீரென்று தோன்றியதால் பெரும் அச்சம் தரினும், பெரும்பாலும் தீங்கற்றது.

3. அடினோமா: நுண்பை உயிரணுக்கள் பெருகி, மெல்லிய உறைக்குள் அடங்கி நிற்கும் உருண்டை.

4. வெப்பக் கட்டி: பிட்யூட்டரியின் ஏவலுக்குக் காத்திராமல் தானாகவே ஹார்மோனைச் சுரந்து தள்ளும் கட்டி. இக்கட்டி உள்ளவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், எடை குறையும், வியர்வை பெருகும். கதிரியக்கப் பொருளைக் கொண்டு எடுக்கும் படத்தில் இது "வெப்ப" இடமாகத் தெரிவதால் இப்பெயர். இவ்வகையில் புற்று இருப்பது மிக அரிது.

இவையன்றி, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்குவதால் வரும் ஹாஷிமோட்டோ நோயிலும் தைராய்டு மேடு பள்ளமாக வீங்கும். இதுவும் பெண்களிடமே மிகுதி.

புற்றுக் கட்டிகள்

பாப்பில்லரி புற்று: தைராய்டுப் புற்றுகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 80 முதல் 85 இவ்வகையே. நுண்பை உயிரணுக்களிலிருந்து தோன்றுவது. நுண்ணோக்கியில் பார்த்தால் சிறு சிறு காம்புகள் கிளைத்து நிற்பதுபோல் தெரியும். இளம் பெண்களிடமும் நடுவயதுப் பெண்களிடமும் மிகுதி. மெதுவாக வளரும். கழுத்தின் பக்கங்களில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும் இயல்புடையது. தொடக்கத்தில் கண்டறிந்து மருத்துவம் செய்துகொண்டோர் ஏறக்குறைய அனைவருமே நலமடைகின்றனர்.

ஃபாலிக்குலர் புற்று: நூற்றுக்கு 10 முதல் 15 வரை. இதுவும் நுண்பை உயிரணுக்களிலிருந்தே பிறக்கிறது. சற்று முதிர்ந்த வயதினரிடம் தோன்றும். அயோடின் குறைந்த பகுதிகளில் இதன் பங்கு கூடுதல். நிணநீர் வழியைவிட இரத்தத்தின் வழியே பரவி, நுரையீரலையும் எலும்பையும் அடைவது இதன் தனித்தன்மை. மேலே கூறிய அடினோமாவுக்கும் இதற்கும் உயிரணுவின் தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. சுற்றியுள்ள உறையையோ இரத்தக் குழாயையோ துளைத்திருந்தால் புற்று, இல்லையெனில் அடினோமா. ஹர்த்தில் உயிரணுப் புற்று என்பது இதனோடு சேர்த்து எண்ணப்பட்டு, இன்று தனி வகையாகக் கொள்ளப்படுவது.

மெடுல்லரி புற்று: நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரை. "சி" உயிரணுக்களில் பிறப்பது. இரத்தத்தில் கால்சிட்டோனின் உயர்ந்திருப்பது இதைக் காட்டிக்கொடுக்கும். இவ்வகை கண்டவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருகிறது. "ரெட்" என்னும் மரபணுவில் உள்ள பிழையே காரணம் என்று 1993-இல் கண்டறிந்தனர். பெற்றோருள் ஒருவரிடம் அப்பிழை இருந்தால், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது வரும் வாய்ப்புச் சரிபாதி. இரத்தச் சோதனையால் அதை முன்னரே அறியலாம். அறிந்தால், புற்று தோன்றும் முன்பே, மிகச் சிறு வயதிலேயே சுரப்பியை அகற்றி அக்குழந்தையைக் காப்பாற்றலாம். இங்கேதான் மறைப்பதன் கொடுமை வெளிப்படுகிறது. அத்தைக்கு வந்த நோயைக் குடும்ப மானம் என்று மூடி வைத்தால், அதற்கு விலை கொடுப்பவர் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளே.

அனப்பிளாஸ்டிக் புற்று: நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. பெரும்பாலும் 60 வயதைக் கடந்தவரிடம் தோன்றும். வாரக் கணக்கில் பருத்து, மூச்சுக்குழாயை நெருக்கும் மிகக் கொடிய வகை. பல்லாண்டுகளாகக் கழுத்தில் இருந்த பழைய கழலை, முதிய வயதில் திடீரென்று விரைந்து பெருத்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. குறிப்பிட்ட மரபணு மாற்றம் உடைய சிலருக்கு 2018 முதல் புதிய மாத்திரைகளால் சற்று நம்பிக்கை பிறந்துள்ளது.

லிம்போமா: நிணநீர் உயிரணுக்களில் தோன்றும் அரிய வகை. நெடுநாள் ஹாஷிமோட்டோ நோய் உடையவரிடம் சில வேளை காணப்படும்.

கதிர்வீச்சும் தைராய்டும்

தைராய்டுப் புற்றுக்கு உறுதியாக மெய்ப்பிக்கப்பட்ட காரணங்களுள் தலையாயது, குழந்தைப் பருவத்தில் கழுத்தின்மீது படும் கதிர்வீச்சு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், குழந்தைகளின் தைமஸ் சுரப்பியைச் சுருக்கவும், தொண்டைச் சதை வளர்ச்சிக்கும், முகப்பருவுக்கும்கூட மேல்நாடுகளில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தினர். இதற்கும் தைராய்டுப் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்ற எச்சரிக்கை 1950-இல் எழுந்தது. பின்னர் அவ்வழக்கம் கைவிடப்பட்டது.

1986 ஏப்ரல் 26-ஆம் நாள் செர்னோபில் அணு உலை வெடித்தது. கதிரியக்க அயோடின் காற்றில் கலந்து புல்வெளிகளில் படிந்தது. பசுக்கள் அப்புல்லை மேய்ந்தன. பாலின் வழியே அது குழந்தைகளின் உடலுக்குள் புகுந்தது. அயோடினுக்காக ஏங்கிக் கிடக்கும் சுரப்பி, நல்ல அயோடின் எது, நஞ்சு கலந்த அயோடின் எது என்று பிரித்தறிய வல்லதன்று. இரண்டையும் ஒன்றாகவே ஈர்த்துக்கொண்டது. அப்போது 18 வயதுக்குட்பட்டு இருந்தவர்களுள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, 2005-ஆம் ஆண்டுக்குள் தைராய்டுப் புற்று கண்டறியப்பட்டது. அவர்களுள் அதுவரை இறந்தோர் 15 பேர். ஏனையோர் கழுத்தில் அறுவையின் தழும்போடு வளர்ந்தனர். அத்தழும்பை "செர்னோபில் கழுத்தணி" என்று மக்கள் அழைத்தனர்.

அண்டை நாடான போலந்து, செய்தி அறிந்த சில நாட்களுக்குள் ஒரு கோடி குழந்தைகளுக்கு நல்ல அயோடினைக் கொடுத்தது. சுரப்பி முன்னரே நிறைந்துவிட்டால் கதிரியக்க அயோடினுக்கு உள்ளே இடமிராது என்பதே இதன் தத்துவம்.

இதைப் படிக்கும் தென்கோடித் தோழியருக்கு ஓர் ஐயம் எழலாம். மணவாளக்குறிச்சியிலிருந்து கொல்லம் வரையுள்ள கடற்கரையின் மோனசைட் மணலில் இயற்கைக் கதிர்வீச்சு உண்டே, அதனால் கேடு வருமா என்று. கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் பல்லாண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, அம்மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. ஆகவே அதனால் அஞ்ச வேண்டுவதில்லை. மருத்துவர் தேவை கருதி எடுக்கும் ஒரு மார்புப் படத்துக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. குழந்தைகளுக்கு நாமாகக் கேட்டுத் திரும்பத் திரும்ப சி.டி. ஸ்கேன் எடுப்பதே தவிர்க்கத்தக்கது.

கொரிய நாடு கற்பித்த பாடம்

தென்கொரியாவில் 1999-இல் சில புற்றுநோய்களுக்கு அரசின் பொதுச் சோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அப்பட்டியலில் இல்லை. ஆயினும் மருத்துவமனைகள் சிறு கட்டணத்தில் கழுத்து ஸ்கேனையும் சேர்த்துச் செய்தன. விளைவு என்ன? 2011-இல் தைராய்டுப் புற்று கண்டறியப்பட்டோர் வீதம் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று. ஒரே ஆண்டில் 40 ஆயிரம் பேர்! ஆனால் ஆண்டுதோறும் இறப்போர் எண்ணிக்கை 300 முதல் 400 என்ற அளவிலேயே மாறாதிருந்தது.

அவ்வளவு பேரைக் கண்டறிந்தும் இறப்பு ஏன் குறையவில்லை? கண்டறியப்பட்டவற்றுள் பெரும்பாலானவை, ஒருபோதும் வெளிப்பட்டிராத மிகச் சிறு பாப்பில்லரி புற்றுகள். 1985-இல் பின்லாந்தில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லிய ஏடுகளாக அறுத்துச் சோதித்தபோது, நூற்றுக்கு 35.6 பேரிடம் இத்தகைய நுண்புற்று இருந்தது. அவர்கள் அதை அறியாமலே வாழ்ந்து மறைந்தவர்கள். இவ்வாறு இறந்தபின் செய்யும் ஆய்வுகளில் ஆண்களிடமும் பெண்களிடமும் நுண்புற்று ஏறக்குறைய ஒரே அளவில் காணப்படுகிறது. அப்படியெனில், பெண்களிடம் நோய் மிகுதி என்று தொடக்கத்தில் கூறிய கணக்கில் ஒரு பகுதி, பெண்களின் கழுத்தே அதிகமாகச் சோதிக்கப்படுவதால் வந்தது என்று கொள்ள வேண்டியுள்ளது.

2014-இல் கொரிய மருத்துவர் சிலர் இதை எடுத்துரைத்ததும், அறுவைகள் ஓராண்டில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்தன. ஜப்பானின் கோபே நகரிலுள்ள கூமா மருத்துவமனை 1993 முதலே வேறொரு வழியைக் கையாண்டு வந்தது. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஆபத்தான அறிகுறியற்ற நுண்புற்றுகளை உடனே அறுக்காமல், காலந்தோறும் ஸ்கேன் செய்து கவனித்தனர். பத்தாண்டுகளில் நூற்றுக்கு 8 பேருக்கே கட்டி குறிப்பிடத்தக்க அளவு வளர்ந்தது. 2016-இல், உறைக்குள் அடங்கி எதையும் துளைக்காத ஒருவகைப் பாப்பில்லரி கட்டிக்கு "புற்று" என்ற பெயரையே மருத்துவ உலகம் நீக்கிவிட்டது. பெயர் ஒன்றே ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் குலைக்க வல்லது என்பதை அறிஞர்களும் உணர்ந்தனர் எனலாம்.

ஆகவே, எந்தக் குறையும் இல்லாதவர்கள் வெறும் ஐயத்தால் கழுத்தை ஸ்கேன் செய்துகொள்வது வேண்டாதது. கைக்கோ கண்ணுக்கோ தெரியும் கட்டியைக் காட்டாமல் இருப்பதோ பெருந்தவறு. இவ்வேறுபாட்டை நாம் தெளிவாகப் பற்றிக்கொள்ள வேண்டும்.

கண்டறிதலும் மருத்துவமும்

மருத்துவர் முதலில் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். தண்ணீரை விழுங்கச் சொல்வார். விழுங்கும்போது கட்டி மேலேறினால் அது தைராய்டைச் சேர்ந்தது என்று அறியலாம். அடுத்து டி.எஸ்.ஹெச். அளவுக்கான இரத்தச் சோதனை. பிறகு ஒலி அலை ஸ்கேன். இதில் வலியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. தேவையானால் மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சில உயிரணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பர். "ஊசி குத்தினால் புற்று பரவும்" என்று பயந்து இச்சோதனையை மறுப்போர் உண்டு, அவ்வச்சத்துக்கு இடமில்லை. இச்சோதனையின் முடிவை ஆறு பிரிவுகளாக வகுத்துக் கூறுவர். ஒன்று மட்டும் இதனால் இயலாது: ஃபாலிக்குலர் புற்றையும் அடினோமாவையும் பிரித்தறிவது. வேலி உடைந்துள்ளதா என்பதை, தோட்டத்தின் நடுவே பறித்த ஒரு பிடி இலையைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அதுபோலத்தான். அத்தகைய நிலையில் பெரும்பாலும் ஒரு மடலை அகற்றி முழுமையாகச் சோதிப்பர்.

அறுவை மருத்துவத்தை அச்சமற்றதாக்கியவர் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோகர். அவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தைராய்டு அறுவைகளைச் செய்தவர். நூற்றுக்குப் பதின்மூவர் என்ற அளவில் இருந்த இறப்பை, நூற்றுக்கு ஒருவருக்கும் கீழே கொணர்ந்தவர். ஆனால் சுரப்பியை முழுதும் அகற்றியவர்கள், குறிப்பாகச் சிறுவயதினர், பின்னர் வளர்ச்சி குன்றி அறிவு மங்கியதைக் கண்டு வருந்தினார். 1883-இல் அதை உலகுக்கு ஒளிக்காமல் அறிவித்தார். தைராய்டு எதற்காக உள்ளது என்பதை உலகம் அறிந்தது அவருடைய அந்த நேர்மையால். 1909-இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. 1891-இல் ஆங்கில மருத்துவர் ஜார்ஜ் மர்ரே, ஆட்டுத் தைராய்டின் சாற்றைச் செலுத்தி ஒரு பெண்மணியைப் பிழைக்க வைத்தார். அவர் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914 டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவன்று, அமெரிக்க வேதியியலார் எட்வர்டு கெண்டல் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார்.

இன்று தைராய்டை அகற்றியவர்கள் நாள்தோறும் ஒரு சிறு தைராக்ஸின் மாத்திரையோடு முழு வாழ்வு வாழ்கின்றனர். படிக்கின்றனர், பணியாற்றுகின்றனர், மணம் செய்து மக்களைப் பெறுகின்றனர். அம்மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், காப்பிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, தண்ணீருடன் உட்கொள்ள வேண்டும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளி எடுத்துக்கொள்ள வேண்டும். அறுவையின்போது குரல் நரம்பும், பின்னால் உள்ள பருப்பளவான நான்கு பாராதைராய்டுச் சுரப்பிகளும் பழுதுபடாமல் காப்பது மருத்துவரின் திறமை. ஆகவே பழக்கம் மிகுந்தவரை நாடுவது நலம். பாப்பில்லரி, ஃபாலிக்குலர் வகைகளில் எஞ்சிய புற்று உயிரணுக்களைக் கதிரியக்க அயோடினை விழுங்கச் செய்து அழிப்பதும் உண்டு. செர்னோபில் குழந்தைகளுக்குக் கேடு செய்த அதே பொருள், இங்கே அளவறிந்த கையில் மருந்தாகிறது.

நாம் நினைவில் கொள்ள வேண்டியவை

கழுத்தில் வலியற்ற கட்டி தோன்றினால், இருக்கும் கட்டி விரைந்து வளர்ந்தால், குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேலும் தெளியாவிடில், விழுங்கவோ மூச்சுவிடவோ தடை நேர்ந்தால், கழுத்தின் பக்கத்தில் நெறி கட்டி வற்றாமல் இருந்தால், குடும்பத்தில் எவருக்கேனும் தைராய்டுப் புற்று வந்திருந்தால், மருத்துவரிடம் செல்ல வேண்டும். கட்டுப்போடுதல், சூடு வைத்தல், தெரிந்தவர் சொன்ன களிம்பைத் தடவுதல் ஆகியவற்றால் காலம் வீணாகுமேயன்றிக் கட்டி கரையாது.

பெற்றோருக்கு எங்களின் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. மகள் தன் கழுத்தைத் தடவிக்கொண்டு "அம்மா, இங்கே ஏதோ உருள்கிறது" என்று கூறினால், அதை அவள் முதலில் சொல்வது தங்களிடம்தான். "யாரிடமும் சொல்லாதே" என்பது தங்கள் விடையாக வேண்டா. "நாளைக்கே போய்க் காட்டுவோம்" என்று கூறுங்கள். பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது முறை பெரியவர்களுக்கு அது தீங்கற்ற கட்டியே. இளையோருக்கும் பெரும்பாலும் அவ்வாறே. எஞ்சியவருக்கோ, காலத்தோடு காட்டியது ஒன்றே அவர்கள் உயிரைக் காக்கும். தோழியரே, நம்முள் எவரேனும் கழுத்தில் தழும்போடு வகுப்புக்குத் திரும்பி வந்தால், அதை உற்றுப் பார்த்து வினவாமல் அவளுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்து, விட்டுப்போன பாடங்களை எழுதிக்கொடுப்போம்.